வலப்பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம்

உங்கள் கையுறைகள் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டன, அக்கா. போன மாதம் ஒரு சனிக்கிழமை உங்கள் தம்பி கடைக்கு வந்தார். நான் முருங்கைக்காய்ப் பெட்டியை உடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பையை நீட்டி, "அக்கா அலமாரில இருந்திச்சு. உங்ககிட்ட இருந்தா நல்லதுன்னு தோணுச்சு" என்றார். கொஞ்சம் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு செவ்ரான் புறநகருக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அரை விரல் கையுறைகள். மேலே பருத்தி நூல் பின்னல், உள்ளங்கையில் தோல். இடது கைத் தோலில் நான் கறுப்பு நூலால் போட்ட தையல் இன்னும் பிரியவில்லை. அழகான தையல் என்று சொல்ல முடியாது, சாக்குத் தைத்த மாதிரித்தான் இருக்கிறது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். நீலகிரித் தைலம். நீங்கள் போய் ஆறு மாதத்துக்கு மேலாகிறது, தைலம் மட்டும் போகவில்லை. வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்று அழுதேன். முதலாளி பார்த்துவிட்டு, வெங்காயம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டார். அவர் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தத் தைல வாசம் என்றால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ரயில்தான். கார் தெ லெஸ்ட் நிலையத்தில் சைக்கிள்களைச் சாமான் பெட்டியில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்ததும், முழங்காலில் தைலம் போட்டுத் தேய்க்கத் தொடங்குவீர்கள். பெட்டி முழுக்க மணக்கும். எதிரே இருந்த வெள்ளைக்காரத் தம்பதி ஒருமுறை எழுந்து வேறு இடம் தேடிப் போனார்கள். நான் கூச்சத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீங்களோ காலை நீட்டி எதிர் இருக்கையில் போட்டுக்கொண்டு, "வொலா! நமக்கு எடம் கெடச்சிடுச்சு" என்றீர்கள்.

நாம் பழகிய விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நான் பாரிஸுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். லா சப்பலில் அப்போது தமிழ்க் கடைகள் ஒன்றிரண்டாகத்தான் முளைத்துக்கொண்டிருந்தன. நான் வேலை செய்த கடைக்குள் ஒரு நாள் டக் டக் என்று சத்தம் கேட்டது. ஆட்டுக்குட்டி ஏதும் புகுந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தால், அடியில் இரும்புத் தகடு வைத்த சைக்கிள் சப்பாத்துக் காலோடு ஒரு தமிழ்ப் பெண். காலில் இறுக்கமான கறுப்புக் காற்சட்டை, கழுத்தில் சிலுவைச் சங்கிலி. வாசலில் வளைந்த கைப்பிடியோடு ஒரு பந்தயச் சைக்கிள். எனக்கு உங்களைவிடச் சைக்கிளைத்தான் முதலில் பிடித்தது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்கும், பிறகு வேலைக்கும் சைக்கிளில் போய்வந்தவள் நான். இங்கே வந்த நாளிலிருந்து நிலத்துக்குக் கீழே மெத்ரோவில் எலி மாதிரி ஓடிக்கொண்டிருந்தேன்.

"உங்கடை சைக்கிளுக்கு ஏன் கரியர் இல்லை?" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"கரியரா? இது இன்னா மூட்டை ஏத்துற வண்டியாம்மா?" என்று சிரித்தீர்கள்.

என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், தபால் நிலையத்தில் வேலை, புதுச்சேரியை விட்டு வந்து இருபது வருடம், பிரெஞ்சுக் குடியுரிமை, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். இவ்வளவும் முருங்கைக்காய் எடைபோட்டு முடிவதற்குள் தெரிந்துகொண்டேன். போகும்போது, கீழறையில் பழைய நீலச் சைக்கிள் ஒன்று சும்மா கிடக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றீர்கள். அடுத்த வாரமே தள்ளிக்கொண்டு வந்துவிட்டீர்கள். நான் அதற்கு முதல் வேலையாகக் கரியர் பூட்டினேன். உங்கள் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

வீட்டில் அனுமதி வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு குசினியும். அதில் என் கணவரும் நானும் அவருடைய சித்தப்பா மகன்மார் இருவரும். ஞாயிறென்றால் சீட்டுக் கடதாசி விளையாட இன்னும் ஓர் ஆள் வருவார். அந்த நான்கு ஆண்களில் மூவர் உணவகங்களில் சமையல் வேலை செய்கிறவர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒருவருக்கும் கரண்டி பிடிக்கத் தெரியாது. அன்று முழுக்க நான் குசினியில் நிற்பேன். ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர்.

என் கணவர் உங்களைக் கடையில் வந்து பார்த்தார். நீங்கள் அரசாங்க வேலை என்பதும், போன வாக்கில் கடைக்காரரின் வரிக் கடிதம் ஒன்றைப் படித்து விளங்கப்படுத்தியதும் அவருக்குப் பிடித்துப் போயிற்று. "அந்த அக்காவோடை எண்டால் போம். தனியப் போகவேண்டாம். ஏதும் நடந்தால் கதைக்க உமக்குப் பாஷை தெரியாது" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. எனக்கு அப்போது விலையும் நன்றியும் சொல்லத்தான் பிரெஞ்சு தெரியும். ஆக, ஞாயிற்றுக்கிழமை வெளியே போகும் என் உரிமை உங்கள் நாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

என் கணவரின் கட்டம் போட்ட சமையல் காற்சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்தேன். கணுக்காலில் துணி காயப்போடும் கிளிப். நீங்கள் பந்தய வீராங்கனை மாதிரி, நான் உணவகத்திலிருந்து தப்பி ஓடுகிறவள் மாதிரி. ஷாத்தோ தியெரியில் இறங்கி, மார்ன் ஆற்றுப் பாலத்தைக் கடந்து, ஆற்றை ஒட்டிக் கிழக்கே போவோம். கொஞ்ச தூரம் சமதரை. பிறகு இடது பக்கம் திரும்பினால் மேடு.

யாழ்ப்பாணத்தில் மேடு என்றால் பாலம்தான். புதுச்சேரியிலும் அப்படித்தான் என்று நீங்கள் ஒத்துக்கொண்டீர்கள். முதல் மேட்டில் நான் இறங்கித் தள்ளினேன். இரண்டாவதிலும் தள்ளினேன். நீங்கள் உச்சியில் நின்று கீழே பார்த்துக் கத்துவீர்கள்: "மேட்டப் பாக்காத, சக்கரத்தப் பாரு!" நான் சக்கரத்தைப் பார்த்தேன். சக்கரம் நின்றுகொண்டிருந்தது. மூன்றாவது, நான்காவது முறை போனபோதுதான் கியர்ப் பல்லு மாற்றுகிற வித்தை பிடிபட்டது. சின்னப் பல்லில் போட்டு, இருக்கையை விட்டு எழும்பாமல், வெட்கத்தை விட்டுவிட்டு ஆமை மாதிரி மிதித்தால் எந்த மேடும் முடிந்துதான் போகிறது.

மேலே ஏறியதும் அந்தக் காட்சி. இரண்டு பக்கமும் திராட்சைக் கொடிகள் சீவிவிட்ட தலைமுடி மாதிரி வரிசை வரிசையாக ஆற்றை நோக்கி இறங்கும். நடுவில் இரண்டு கார் நெருக்கிக்கொண்டு போகக்கூடிய தெரு. மாதா கோயில் கோபுரம் ஒன்று, பத்து இருபது வீடு, பூட்டிய ஜன்னல்கள். ஜோல்கோன், பார்ஸி, ட்ரெலூ என்று ஊர்கள் வரும், போகும், மனிதர் ஒருவரையும் காணமுடியாது. நாய்கூடக் குலைக்காது. "இந்தச் சனமெல்லாம் எங்கை போட்டுது?" என்று நான் கேட்டேன். "சாப்பிட்டுட்டு இருக்கும். ஞாயித்துக்கிழமை இவங்க மூணு மணி வரைக்கும் சாப்பிடுவாங்க" என்றீர்கள். அந்த அமைதி எனக்கு முதலில் பயமாக இருந்தது. பிறகு அது இல்லாமல் ஒரு கிழமை ஓடாது என்றாகிவிட்டது.

தண்ணீர் விஷயத்தில்தான் நமக்குள் சண்டை. ஊர்களில் கடை பூட்டிக் கிடக்கும். நீங்கள் நேரே சேமக்காலைக்குள் போவீர்கள். கல்லறைப் பூக்களுக்கு ஊற்றவென்று வாசலில் ஒரு குழாய் எல்லா ஊரிலும் இருக்கும். அதில் போத்தலை நிரப்பிக் கடகடவென்று குடிப்பீர்கள். இந்த நாட்டில் சைக்கிள் ஓடுகிறவர்கள் எல்லாருக்கும் அதுதான் வழக்கமாம். நான் மதிலுக்கு வெளியே நிற்பேன். பிணம் புதைத்த இடத்துத் தண்ணீரை நாக்கில் வைப்பதா? கரியரில் எனக்கென்று இரண்டு பெரிய போத்தல் கட்டிக்கொண்டு வருவேன். அந்தப் பாரத்தோடு மேடேற நான் திணறுவதைப் பார்த்து நீங்கள், "செத்தவங்க யாரும் கொழாயத் தொடறதில்லம்மா" என்பீர்கள். ஆனால் அதே கரியரில் இருந்த எலுமிச்சம்பழச் சோறும் கத்தரிக்காய்ப் பொரியலும் வெளியே வரும்போது கரியரைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டீர்கள்.

இன்னொரு சண்டை, அது சண்டைகூட இல்லை, பழக்கம். பாரிஸில் கார்கள் நம்மை வலப்பக்கத்தில் நெருக்கி வைத்திருக்கும், பிசக வழியில்லை. அந்த வெறும் தெருக்களில் நம்மை நெருக்க ஒருவருமில்லை. எங்காவது இறங்கி இளைப்பாறிவிட்டு மறுபடி ஏறினால் என் சைக்கிள் தானாகவே இடப்பக்கத்துக்குப் போய்விடும். முப்பது வருடம் இடப்பக்கத்தில் ஓடிய கை அது. "வலது! வலது!" என்று பின்னால் கத்துவீர்கள். "இது யாழ்ப்பாணம் இல்லம்மா, பிரான்ஸ்!" ஒரு நாள் உங்கள் தலையில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்து என் வலது கைப்பிடியில் முடிச்சுப் போட்டீர்கள். "சிவப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போ" என்றீர்கள். மாடு மேய்க்கிறவர்கூட இப்படிக் கட்டமாட்டார் என்று நான் முணுமுணுத்தேன். ஆனால் அவிழ்க்கவில்லை.

"உங்களுக்கு ஒருநாளும் இப்பிடி வாறேல்லையே அக்கா? நீங்களும் அங்கை இடப்பக்கம் ஓடின ஆள்தானே?" என்று கேட்டேன்.

"மே நோன், இல்லவே இல்ல! எனக்கு அந்த ஊரே மறந்து போச்சு. இருவது வருஷம் ஆச்சு. கனவுகூட பிரெஞ்சுலதான் வருது."

அதைப் பெருமையாகத்தான் சொன்னீர்கள். நானும் நம்பினேன்.

இரண்டாவது வருடம் ஜூன் மாதம். அந்தக் கிழமை முழுக்க மழை. ஞாயிறு வெயில். கொடிகளுக்கு மருந்து அடித்திருந்தார்கள், காற்றில் கந்தக நெடி. ட்ரெலூவுக்கு மேலே ஒரு வாதுமை மரத்தடியில் சாப்பிட்டோம். அன்று நீங்கள் வழக்கத்துக்கு மாறாக ஊர்க் கதை பேசினீர்கள். பள்ளிக்கூடம் விட்டுக் கடற்கரைத் தெருவில் சிநேகிதியோடு பந்தயம் வைத்து சைக்கிள் விட்டதையும், ஒரு மாதா தேர் நாளில் புதுப் பாவாடை செயினில் மாட்டிக் கிழிந்ததையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். பிறகு சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். அங்கிருந்து ஆறு வரைக்கும் இறக்கம். இறக்கத்தில் நீங்கள்தான் முன்னால்.

நீங்கள் இடப்பக்கத்தில் போனீர்கள்.

நான் பின்னாலிருந்து பார்த்தேன். பார்த்த உடனேயே கத்தினேன். "அக்கா, வலது! வலது!" நீங்கள் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கி ஆட்டினீர்கள். தோள் குலுங்கிச் சிரித்தது தெரிந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக நீங்கள் என்னைப் பார்த்துக் கத்தியதை நான் வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்று நினைத்துவிட்டீர்கள். நான் இன்னும் பலமாகக் கத்தினேன். நீங்கள் இன்னும் பலமாகக் கையாட்டினீர்கள். அப்போது வளைவில் அந்த ட்ராக்டர் வந்தது. கொடி வரிசைக்கு மேலே கால் பரப்பிக்கொண்டு போகுமே, அந்த உயரமான மருந்தடிக்கும் ட்ராக்டர். அது அதன் பக்கத்தில் சரியாகத்தான் வந்தது. நீங்கள் சைக்கிளை இன்னும் இடப்பக்கம் ஒடித்தீர்கள். தெருவோரக் குழியில் சக்கரம் இறங்கி, கொடிக் கம்பத்தில் மோதி, கம்பியில் கையுறையோடு கை கிழிந்து, கொடிகளுக்கு நடுவில் விழுந்தீர்கள்.

நான் வந்து சேர்ந்தபோது நீங்கள் மண்ணில் உட்கார்ந்திருந்தீர்கள். இடது தோள் ஒரு விதமாகச் சரிந்து கிடந்தது. ட்ராக்டர்காரர் இறங்கி ஓடிவந்து, பயத்தில் வெளுத்துப்போய், ஏன் மதாம் இடப்பக்கத்தில் வந்தீர்கள் என்று பிரெஞ்சில் கத்தினார். நீங்கள் அவரை நிமிர்ந்து பார்த்துத் தமிழில் பதில் சொன்னீர்கள். "நான் சரியாத்தானே வந்தேன்! நீ ஏன்யா இந்தப் பக்கம் வந்தே? பீச் ரோட்டுல ட்ராக்டர வுட்டது யாரு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் உங்களைப் பார்த்தேன். கதைக்க உங்களுக்குப் பாஷை தெரியும் என்றுதானே என்னை அனுப்பியிருந்தார்கள்! என்னிடம் இருந்த சொற்களை எல்லாம் பொறுக்கிச் சேர்த்து, கையால் காட்டிக் காட்டி, மதாம் விழுந்தா, நாங்கள், எங்கள் நாடு, இடது என்று சொல்லி முடித்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓ, இங்கிலீஷ்காரரைப் போலவா என்று கேட்டார்.

அவ்வளவுதான். அந்த வலியிலும் உங்கள் தலை விருட்டென்று நிமிர்ந்தது. "பா து தூ!" என்றீர்கள். ஒருக்காலும் இல்லை என்று அர்த்தம். புதுச்சேரிக்காரியைப் பார்த்து இங்கிலீஷ் என்று சொன்னால் சும்மா விடுவீர்களா? அதற்குப் பிறகு உங்களுக்குப் பிரெஞ்சு திரும்பி வந்தது. பெயர், முகவரி, தம்பியின் தொலைபேசி எண் எல்லாம் நீங்களே சொன்னீர்கள். ட்ராக்டர்காரர் பொம்பியேக்காரரைக் கூப்பிட வீட்டுக்கு ஓடினார். இந்த நாட்டில் நெருப்பு அணைப்பவர்கள்தான் காயம்பட்டவர்களையும் ஏற்றுகிறவர்கள்.

உள்ளங்கையில் இரத்தமும் மண்ணுமாக இருந்தது. என் போத்தல்கள் இரண்டும் சாப்பாட்டோடு முடிந்திருந்தன. தெருவின் மறுபக்கம் வெள்ளை மதில், இரும்புக் கதவு, உள்ளே குழாய். நான் நின்று யோசிக்கவில்லை. ஓடிப்போய் நிரப்பிக்கொண்டு வந்து கழுவினேன். நீங்கள் குடிக்கக் கேட்டீர்கள், கொடுத்தேன். மிச்சத்தை நான் குடித்தேன். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது.

காறை எலும்பு முறிவு. பிரமாதம் ஒன்றுமில்லை, கூடிவிடும் என்று டாக்டர் சொன்னார். கூடியும் விட்டது. ஆனால் நீங்கள் சைக்கிளைத் தொடவில்லை. ஜூலை போயிற்று, ஆகஸ்ட் போயிற்று. உங்கள் சைக்கிள் நெளிந்த சக்கரத்தோடு உங்கள் செவ்ரான் வீட்டுக் கீழறையில் கிடந்தது. என் சைக்கிள் எங்கள் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. "பாஷை தெரிஞ்ச ஆளுக்கே இந்தக் கதி. நீர் இனி வீட்டிலை இரும்" என்றார் என் கணவர். கோபமாகச் சொல்லவில்லை. அன்று கட்டுப்போட்டு முடித்து இருவரும் வீடு வந்து சேரும்வரை பயந்துபோயிருந்தார். ஆனால் ஞாயிறு மறுபடி குசினிக்குப் போனது. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு வெங்காயம் வெட்டினேன். அந்தக் கோடையில் எனக்குக் கோபம் வராத நாளே இல்லை. பருப்புச் சட்டியை அடித்து வைத்ததில் அதன் காது கழன்றது.

ஒரு ஞாயிறு சமைத்து வைத்துவிட்டு உங்களைப் பார்க்க வந்தேன். கிழிந்த கையுறையைக் கொண்டு வரச் சொல்லி, உங்கள் எதிரே உட்கார்ந்து தைத்தேன். அப்போதுதான் நீங்கள் வாய் திறந்தீர்கள்.

"எலும்பு ஒடஞ்சதுக்கு நான் பயப்படலம்மா. எனக்குத் தெரியாமலே என் கை அந்தப் பக்கம் போயிருக்கு. நான் சொல்லல. அதுவாப் போயிருக்கு. இருவது வருஷம் கழிச்சு. நாளைக்கு மறுபடியும் போகும். அப்ப கார் வரும்."

"நான் கத்தினனான் தானே அக்கா."

"கத்துனே. எனக்கு விளையாட்டாத்தான் பட்டுது. அதான் பயம். இனிமே கத்துனாலும் எது நிசம்னு எனக்குத் தெரியாது."

நான் ஊசியை நிறுத்திவிட்டு யோசித்தேன். எனக்குப் பெரிய யோசனை எதுவும் வரவில்லை. பள்ளிக்கூடம் போகும் பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். எங்கள் ஊரில் இரண்டு பேர் கதைத்துக்கொண்டு சோடியாகப் போவோம். ஓட்டம் சரியில்லாதவளை ஓரமாக விட்டு, நன்றாக ஓடுகிறவள் தெருப் பக்கமாக வருவாள். ஓரத்தில் வருகிறவள் நடுத்தெருவுக்குப் போகமுடியாது, போனால் மற்றவளில்தான் முட்டவேண்டும்.

"கத்தமாட்டன். நான் உங்களுக்கு இடப்பக்கத்திலை ஒட்டிக்கொண்டு வாறன். நீங்கள் அந்தப் பக்கம் போகவேணுமெண்டால் என்னை இடிச்சு விழுத்திப்போட்டுத்தான் போகோணும்."

"ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல போகக் கூடாதும்மா. ஜாந்தார்ம் பாத்தா அபராதம் போடுவான்." போலீஸ்காரர் பெயரைச் சொல்லும்போதே அரசாங்க ஊழியரின் குரல் வந்துவிட்டது.

"அந்த ரோட்டிலை எங்கை போலீஸ்? நாய்கூட இல்லை. அக்கா, நீங்கள் விட்டால் நானும் விட்டதுதான். என்னைத் தனிய ஒருத்தரும் விடமாட்டினம். எனக்கு அந்தக் குசினிக்குள்ளை மூச்சு முட்டுது." கடைசி வசனத்தைச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டு நான் வரவில்லை. அழுகையை மறைக்க நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

நீங்கள் கையுறையை வாங்கித் தையலைத் தடவிப் பார்த்து, "இன்னா தையல்மா இது, சாக்கு மாதிரி" என்றீர்கள். அது சம்மதம் என்று எனக்குத் தெரிந்தது.

அக்டோபரில் போனோம். பழம் பறித்து முடிந்து கொடிகள் மஞ்சளும் செம்பட்டையுமாக நின்றன. புறப்படும் முன் என் கைப்பிடியிலிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்து உங்கள் வலது கைப்பிடியில் கட்டினேன். மேட்டில் உங்களுக்கு மூச்சு வாங்கியது, எனக்கு வாங்கவில்லை. "மேட்டைப் பாக்காதேங்கோ, சக்கரத்தைப் பாருங்கோ" என்றேன். முறைத்தீர்கள். ட்ரெலூ இறக்கத்தின் தலைப்பில் இரண்டு பேரும் நின்றோம். நீங்கள் ரிப்பன் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினீர்கள். நான் ஏறி, உங்கள் இடது முழங்கைக்கும் என் வலது முழங்கைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லாமல் பார்த்துக்கொண்டேன். இறக்கத்தின் பாதியில் உங்கள் தோள் வந்து என் தோளில் முட்டியது. நான் விலகவில்லை. நீங்கள் திரும்பி என்னைப் பார்த்து, "போச்சும்மா, மறுபடியும் போச்சு!" என்று கத்தினீர்கள். நானும் கத்தினேன். ஆனால் இருவரும் விழவில்லை. அந்த வளைவு போயிற்று, ஆறு தெரிந்தது, டோர்மோன் பாலம் வந்தது. பாலத்தில் நிறுத்திவிட்டு நீங்கள் என் கன்னத்தில் கிள்ளி அந்த விரலை முத்தமிட்டுக்கொண்டீர்கள். அது பிரெஞ்சு முத்தம் இல்லை, ஊர் முத்தம்.

அதற்குப் பிறகு ஒரு முழு வருடம் அப்படியே ஓடினோம். நீங்கள் உள்ளே ஓரமாக, நான் வெளியே நடுத்தெருப் பக்கமாக. தோளில் முட்டுவது குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் முட்டியது எப்போது என்று நினைவில்லை. பிறகு நோய் வந்தது. அதைப் பற்றி எழுதப் போவதில்லை. அது உங்களுக்கும் பிடிக்காது. ஈஸ்டருக்கு முன்பு செவ்ரான் சேமக்காலையில் உங்களை வைத்துவிட்டு வந்தோம். வாசலுக்கு வலப்பக்கத்தில் ஒரு குழாய் இருக்கிறது. தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

கையுறைகள் வந்த அடுத்த ஞாயிறு, நான் தனியாகப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். "தனியவோ?" என்றார் அவர். "ஓம், தனியத்தான். இப்ப எனக்குப் பாஷை தெரியும்" என்றேன். அவர் என் கையிலிருந்த உங்கள் கையுறையைப் பார்த்தார். பிறகு எழுந்து, மாடிப்படிக்குக் கீழிருந்த சைக்கிளை எடுத்துத் தெருவில் வைத்து, சக்கரத்துக்குக் காற்றும் அடித்துக் கொடுத்தார். "வலப்பக்கம் பார்த்துப் போம்" என்று மட்டும் சொன்னார். அன்று பகல் ஆண்கள் சமைத்திருக்கிறார்கள். நன்றாகவும் சமைத்திருக்கிறார்கள், அதுதான் எரிச்சல்.

எல்லாம் அப்படியேதான் இருந்தன, அக்கா. ரயிலில் தைலம் போட ஆளில்லை, எதிர் இருக்கைகள் நிரம்பியிருந்தன. ஜோல்கோனில் போத்தலைச் சேமக்காலைக் குழாயில் நிரப்பினேன். ட்ரெலூவுக்கு மேலே வாதுமை மரத்தடியில் எலுமிச்சம்பழச் சோற்றில் பாதியைத்தான் சாப்பிட முடிந்தது. மிச்சத்தைக் கட்டிக்கொண்டு இறக்கத்தில் இறங்கினேன். பாதி இறக்கத்தில் பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது. அந்தத் தெருவில் கார் வருவது அபூர்வம். இன்னொரு தரம் அடித்தது. பிறகு மெதுவாக என் பக்கத்தில் வந்து, கண்ணாடியை இறக்கி, ஒரு வயதான மனிதர் மரியாதையாகத்தான் சொன்னார்: வலப்பக்கம் ஒதுங்குங்கள் மதாம், அங்கே அவ்வளவு இடம் கிடக்கிறதே.

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். நான் நடுத்தெருவில் ஓடிக்கொண்டிருந்தேன். எனக்கு வலப்பக்கத்தில் ஒரு சைக்கிளும் ஓர் ஆளும் போக இடம் இருந்தது. அதை நான் விடவில்லை. எனக்குத் தெரியாமலே என் கை விட்டிருந்தது.

"பர்தோன், மிஸ்யூ" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு முன்னால் போனார். டோர்மோன் பாலம் வரைக்கும் அப்படியேதான் வந்தேன், அக்கா, ஒதுங்கவில்லை.